பழைய மொறிஸ் மைனரும் கால்வாய்ப் படகும்: இரண்டையும் ஒரே ஆள் வைத்திருக்க முடியுமா?

பச்சை மைனர் (பான்பரி)

எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

என்னிடம் 1967இல் செய்த மொறிஸ் மைனர் 1000 ஒன்று இருக்கிறது. 1098 சிசி எஞ்சின், இரண்டு கதவு, கடும் பச்சை. வாங்கிப் பதினொரு வருடம். போன செப்ரெம்பரில் ஒரு கால்வாய்ப் படகும் வாங்கினேன். 45 அடி நீளம், 1986இல் கட்டியது. ஒக்ஸ்போர்ட் கால்வாயில், குறொப்ரெடிக்குப் பக்கத்தில் ஒரு மரினாவில் கட்டியிருக்கிறேன்.

இந்தப் படகுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. நீளம் எவ்வளவு இருந்தாலும் அகலம் 6 அடி 10 அங்குலம்தான். படகை மேட்டுக்கு ஏற்றி இறக்கும் தொட்டிகளை லொக் என்பார்கள். இருநூறு வருடத்துக்கு முன் கட்டிய லொக்குகள் 7 அடி அகலம். அதற்குள் நுழைய வேண்டும், அதுதான் காரணம். உள்ளே அடுப்பு, குசினி, குளியலறை, கட்டில் எல்லாம் ரயில் பெட்டி மாதிரி வரிசையாக இருக்கும். வேகம் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகக் கூடாது. கட்டி நிற்கும் படகுகளைக் கடக்கும்போது அதையும் பாதியாகக் குறைக்க வேண்டும்.

என் கார் பிறந்தது ஒக்ஸ்போர்டின் கவ்லி ஆலையில். படகு நிற்கும் கால்வாய் போய் முடிவதும் ஒக்ஸ்போர்டில். 1790இல் நகரத்துக்குள் வந்த அந்தக் கால்வாயின் பழைய படகுத்துறையை மூடித்தான் நஃபீல்ட் கல்லூரியைக் கட்டினார்கள். நஃபீல்ட் பிரபு வேறு யாருமில்லை, மொறிஸ் கார் செய்த அதே வில்லியம் மொறிஸ். இதை அறிந்த பிறகு இரண்டையும் தனித்தனிப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை.

நான் கேட்பது இதுதான். வேலைக்குப் போகிறேன், கிழமைக்கு இரண்டு நாள்தான் கையில். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை வித்துவிடுங்கோ என்று மனைவியும் மகளும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கையில் ஒயில் பட்டவர்கள் சொல்லுங்கள், இரண்டையும் ஒரு ஆள் ஒழுங்காகப் பார்க்க முடியுமா?

கணக்குப்பிள்ளை (லெஸ்டர்)

அண்ணா, விற்க வேண்டியது படகை. காரை அல்ல.

உங்கள் காருக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. சாலை வரி இல்லை. 2018 மே மாதத்திலிருந்து எம்ஓடி என்ற வருடாந்த வண்டிச் சோதனையும் கட்டாயமில்லை, பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வண்டியாக இருந்தால். வீட்டு வாசலில் சும்மா நிற்கும். படகு அப்படியா? உரிமக் கட்டணம், மரினா வாடகை, காப்பீடு, நான்கு வருடத்துக்கு ஒருமுறை பாதுகாப்புச் சான்றிதழ், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை வெளியே தூக்கி அடிப்பக்கம் கருப்பு பூசுவது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இதெல்லாம் வந்துகொண்டே இருக்கும். கோடையில் ஒரு வாரம் வாடகைப் படகு எடுங்கள். மற்ற ஐம்பத்தொரு வாரம் அது வேறொருவர் கவலை.

ஈரக்கயிறு (இப்போது நாப்டன் பக்கம்)

கணக்குப்பிள்ளை தம்பி சொல்வது கணக்குக்குச் சரி. ஆனால் வாடகைப் படகு எடுப்பவர் எஞ்சின் மூடியைத் திறக்கவே மாட்டார். கேள்வி கேட்டவர் திறக்க ஆசைப்படுகிறவர். அது வேறு.

நான் எட்டு வருடமாகப் படகிலேயே வாழ்கிறேன். சொந்த ஊர் ஸ்ரீரங்கம். நிலையான கட்டுமிடம் கிடையாது, பதினான்கு நாளுக்கு மேல் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது என்ற விதிப்படி நகர்ந்துகொண்டே இருப்பேன். அதனால் பராமரிப்பு எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, வீட்டு வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

1986 படகு என்றால் முதலில் கேட்க வேண்டியது இரும்பின் கனம். இன்றைக்குக் கட்டுபவர்கள் அடித்தளம் 10 மி.மீ., பக்கம் 6, மேல்கூடு 4 என்று வைக்கிறார்கள். அந்தக் காலத்தில் அடித்தளம் 6 மி.மீ. வைத்ததும் உண்டு. வாங்கும்போது சர்வே செய்தீர்களா? 4 மி.மீ.க்குக் கீழே எங்காவது காட்டினால் காப்பீட்டுக்காரர்கள் முகம் மாறும்.

அடுத்தது ஆனோடு, அதாவது ஹல் என்ற படகின் இரும்புடலுக்குப் பதிலாகத் தான் கரையும் உலோகக் கட்டி. நன்னீரில் மெக்னீசியம்தான் வேலை செய்யும். கடலில் போடும் துத்தநாகக் கட்டியை வைத்துக் கால்வாயில் ஓட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கட்டி அப்படியே புதுசு போல இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டார்கள். கட்டி கரையவில்லை என்றால் அதற்குப் பதிலாக ஹல் கரைகிறது என்று அர்த்தம். மரினாவில் கரை மின்சாரம் செருகி வைத்திருந்தால் கால்வானிக் ஐசொலேட்டர் ஒன்றும் அவசியம் போடுங்கள். இல்லையென்றால் எர்த் கம்பி வழியே பக்கத்துப் படகின் இரும்பையும் உங்கள் ஆனோடு காப்பாற்றிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, ஸ்டெர்ன் கிளாண்டு. இது சொல்லிக்கொடுக்காமல் புரியாது. புரொப்பெல்லர் தண்டு படகின் வயிற்றைத் துளைத்து வெளியே போகிறது இல்லையா, அந்தத் துளை வழியே தண்ணீர் வரக் கூடாது. அங்கே மெழுகு ஊறிய கயிற்றை வளையம் வளையமாக நெருக்கி வைத்து, கிரீஸால் அடைத்திருப்பார்கள். பக்கத்தில் ஒரு பித்தளைக் குழல் இருக்கும், மேலே கைப்பிடி. நாளின் முடிவில் எஞ்சினை நிறுத்தியதும் கையில் இறுக்கம் தெரியும்வரை அதைத் திருகுங்கள். ஒரு சுற்று, சில நாள் அரைச் சுற்று. எட்டு வருடத்தில் ஒரு நாளும் நான் இதைச் செய்யாமல் படுத்ததில்லை.

முடியுமா என்று கேட்டீர்கள். முடியும். ஆனால் வாரம் ஒருமுறையாவது இரண்டையும் தொட வேண்டும்.

பச்சை மைனர் (பான்பரி)

நன்றி அக்கா. சர்வே செய்துதான் வாங்கினேன். பக்கத்தில் ஆகக் குறைந்த அளவு 5.1, அடியில் 5.4. அடித்தளம் தொடக்கத்தில் 6 மி.மீ. என்றார் சர்வே செய்தவர். ஆனோடு நான்கும் மெக்னீசியம்தான். ஐசொலேட்டர் இல்லை, இந்தக் கிழமையே போடுகிறேன்.

கிறீஸ் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்ததும் காரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும் போல இருந்தது. மைனரின் முன்சில்லு நிற்பது சுவிவல் பின் என்ற ஒரு தண்டில். அதன் மேல்முனையும் கீழ்முனையும் திருகுப்புரி போட்டு ட்ரனியன் என்ற ஒரு துண்டுக்குள் போகும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தப் புரி அதற்குள்ளேயே கொஞ்சம் ஏறி இறங்கும். கிறீஸ் இருந்தால் அது பல காலம் உழைக்கும். இல்லாவிட்டால் புரி தேய்ந்து, ஒரு நாள் தண்டு கழன்று, சில்லு மட்காட்டுக்குள் மடிந்து விழும். மைனர்க்காரர் எல்லோருக்கும் தெரிந்த பயம் இது.

எனக்கு அது நடக்கவில்லை. ஆனால் கிட்டப் போனேன். வாங்கின இரண்டாம் வருடம், ஒரு கராஜில் கொடுத்து முழுச் சேர்விஸ் செய்வித்தேன். பில்லில் கிறீஸ் அடித்தது என்று எழுதியிருந்தது. மூன்று மாதம் கழித்து, தரிப்பிடத்தில் திருப்பும்போது இடப்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஜாக் போட்டுத் தூக்கி, கையால் சில்லை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது. கிறீஸ் ஏற்றும் சின்ன வாயான கீழ் நிப்பிளைத் துடைத்துக் கிறீஸ் கன் வைத்து அமத்தினால் கிறீஸ் உள்ளே போகாமல் பக்கத்தால் பிதுங்கியது. நிப்பிளைக் கழற்றினேன். உள்ளே பழைய கிறீஸ் கல்லாய்ப் போய், நடுவே மண். எத்தனையோ வருடமாக ஒரு துளியும் உள்ளே போகவில்லை. கிறீஸ் கன் வைத்தவர் பிதுங்கினதைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

அன்றிலிருந்து காரை வேறொருவர் கையில் கொடுப்பதில்லை. 1000 மைலுக்கு ஒருமுறை நானே அடிக்கிறேன். பழுப்பும் கறுப்புமாய்ப் பழையது வெளியே வந்து, பின்னால் புதிய கிறீஸ் நிறம் மாறாமல் வரும்வரை விடுவதில்லை. அந்த நிறம் மாறும் நேரம் மனதுக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுத்தில் சொல்லத் தெரியவில்லை.

தலைப்பில் 'விண்டேஜ்' என்று போடவில்லையே என்று ஒருவர் தனிமடலில் கேட்டார். இங்கிலாந்தில் விண்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை செய்ததைத்தான் சொல்வார்கள். மைனர் 1948இல் வந்தது. 'கிளாசிக்' என்பார்கள். எனக்குப் பழைய கார், அது போதும்.

வடசென்னை வாசகன்

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னிடம் காரும் இல்லை, படகும் இல்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் ஒரு கால்வாய் இருக்கிறது. பக்கிங்காம் கால்வாய். ஆந்திராவிலிருந்து விறகு, உப்பு, அரிசி எல்லாம் அதில் பட்டணத்துக்கு வந்ததாகத் தாத்தா சொல்வார். 1806இல் தொடங்கி, 1877-78 பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக மக்களை வைத்துத் தோண்டி நீட்டினார்களாம். இப்போது நகரின் தெற்கே அதன் மேல் பறக்கும் ரயில், கீழே சாக்கடை. ஒரு நாடு தன் கால்வாய்களை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறது என்பதே எனக்குப் புதுச் செய்தி.

ஒரு சந்தேகம். லாக் என்கிறீர்களே, படகு மேட்டில் ஏறுவது எப்படி? பம்ப் வைத்துத் தண்ணீர் ஏற்றுகிறார்களா?

ஈரக்கயிறு (இப்போது நாப்டன் பக்கம்)

தம்பி, லாக்கில் பம்ப் இல்லை. அங்கேதான் அதன் அழகு.

இரண்டு பக்கமும் கதவு போட்ட ஒரு கல் தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேல் கதவுக்கு அப்பால் உயரமான தண்ணீர், கீழ்க் கதவுக்கு அப்பால் தாழ்ந்த தண்ணீர். ஏற வேண்டுமானால் கீழ்க் கதவு வழியே தொட்டிக்குள் நுழைந்து, கதவை மூடிவிட்டு, மேலே உள்ள பேடில் என்ற மடையைத் திறப்போம். மேல் தண்ணீர் தானாக உள்ளே இறங்கும், படகு தானாக உயரும். இரண்டு மட்டமும் ஒன்றானதும் மேல் கதவை முதுகால் தள்ளித் திறக்கலாம். அதற்கு முன் பத்துப் பேர் தள்ளினாலும் திறக்காது, தண்ணீரின் எடை பிடித்துக்கொண்டிருக்கும். மடையைத் தூக்க எல் வடிவில் ஒரு இரும்புச் சாவி, விண்ட்லாஸ் என்பார்கள், இடுப்பு பெல்ட்டிலேயே இருக்கும். நம் ஊர் ஏரி மடை திறப்பவருக்கு இது பார்த்ததும் புரிந்துவிடும்.

ஏறுவதை விட இறங்குவது ஆபத்து. மேல் கதவுக்குக் கீழே உள்பக்கமாக ஒரு கல் திண்ணை நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்று பெயர். தொட்டி நிறைந்திருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பாகம் அதன் மேல் உட்கார்ந்துவிட்டால், பின்பக்கம் அங்கேயே நிற்க முன்பக்கம் மட்டும் இறங்கும். சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள், படகின் பின்பாகம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் நிற்க வேண்டும்.

என் இரண்டாவது வருடம், மழை, தனியாக இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே நின்று மடை திறந்துவிட்டு, கயிற்றைக் கையில் பிடித்திருந்தேன், படகு மெதுவாகப் பின்னால் நகர்ந்ததைக் கவனிக்கவில்லை. கப்பில் இருந்த டீ சாய்ந்ததைப் படகின் கதவு வழியே பார்த்துத்தான் தெரிந்தது. ஓடிப்போய் முதலில் கீழ் மடை இரண்டையும் இறக்கினேன். அதுதான் முதல் வேலை, படகைத் தள்ளப் பார்க்கக் கூடாது. அப்புறம் மேல் மடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து தண்ணீரைத் திரும்ப ஏற்றினேன். பின்பாகம் ஒரு முனகலோடு விடுபட்டது. சுக்கான் தகட்டில் வெள்ளையாக ஒரு கீறல் இன்னும் இருக்கிறது. அதன் மேல் நான் பெயிண்ட் அடிக்கவில்லை.

பச்சை மைனர் அண்ணா, தனியாகப் போவதென்றால் அந்த வெள்ளைக் கோட்டை மறக்காதீர்கள்.

பச்சை மைனர் (பான்பரி)

மறக்க மாட்டேன் அக்கா. வாசிக்கும்போதே நெஞ்சு இடித்தது.

இப்போது ஒரு உதவி வேண்டும். போன ஞாயிறு படகில் டிப்ஸ்டிக் இழுத்துப் பார்த்தேன். ஒயில் மட்டம் மேல் கோட்டுக்கு மேலே நிற்கிறது. நான் ஒயில் விடவில்லை. இரண்டு கிழமைக்கு முன் கோட்டுக்குச் சரியாக இருந்தது, குறித்து வைத்திருக்கிறேன். எஞ்சின் பிஎம்சி நிறுவனத்தின் 1.5 லீற்றர் டீசல். படகைச் சேர்விஸ் செய்த ஒருவருக்குத் தொலைபேசி எடுத்தேன். குறையவில்லைத்தானே, பிறகென்ன, ஓட்டுங்கோ என்றார்.

நான் ஓட்டவில்லை. காரணத்தைச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்தில் அப்பா ஒரு ஒஸ்ரின் ஏ40 வைத்து வாடகைக்கு ஓடினவர். 90களில் பெற்றோலுக்குத் தடை. மருந்துப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார், காபரேற்றரில் சில துளி விட்டு ஸ்ரார்ட் எடுத்து, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். அந்தப் புகையும் மணமும் அந்தக் காலத்தில் அங்கே இருந்த எவருக்கும் மறக்காது. மண்ணெண்ணெய் முழுக்க எரியாது. எரியாதது சிலிண்டர் சுவரால் வழிந்து ஒயிலுக்குள் இறங்கும். ஒவ்வொரு காலையும் அப்பா டிப்ஸ்டிக்கை இழுத்து, இரண்டு விரலால் தேய்த்து, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோவார். பத்து வயதில் நான் ஒருநாள், ஒயில் கூடியிருக்கு, நல்லதுதானே என்றேன். "குறைஞ்சா ஊத்தலாம் தம்பி, கூடினாத்தான் பயப்பிட வேணும்" என்றார்.

போன ஞாயிறு படகில் அதே மாதிரி விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒயில் தண்ணியாக இருக்கிறது. டீசல் மணக்கிறது. எங்கேயிருந்து வரும்?

கோவை லேத் (பர்மிங்ஹாம்)

சார், ஓட்டாமல் விட்டது ரொம்ப நல்லது. அப்பா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. உங்களுக்குப் போனில் சொன்னவர் சொன்னது தவறு. டீசல் கலந்த எண்ணெயில் பேரிங் தாங்காது. மட்டம் ரொம்ப ஏறினால் எஞ்சின் அந்த எண்ணெயையே இழுத்து எரித்துக்கொண்டு, சாவியை அணைத்தாலும் நிற்காமல் வெறிபிடித்து ஓடும்.

இந்த எஞ்சினை நான் நன்றாக அறிவேன். எப்படி என்றால், இது நம் அம்பாசிடர் டீசல். 1489 சிசி, அதே பிஎம்சி பி-சீரிஸ். மோரிஸ் ஆக்ஸ்போர்ட் சீரிஸ் மூன்றுதான் அம்பாசிடராக இந்தியா வந்தது, பிறகு டீசலும் வந்தது. கவுண்டம்பாளையத்தில் மாமாவின் பட்டறையில் இருபது வயது வரை அதைத்தான் பிரித்துப் பிரித்துப் பூட்டினேன். இங்கே வந்து முதல்முறை ஒரு நண்பரின் படகில் மூடியைத் தூக்கியபோது, பச்சை பெயிண்ட் அடித்து நம் ஊர் டாக்சி எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை.

இப்போது விஷயம். எஞ்சின் பக்கவாட்டில் ஒரு சின்ன லிஃப்ட் பம்ப் இருக்கும், கேம்ஷாஃப்ட் தள்ளி ஓடுவது. டேங்கிலிருந்து டீசலை இழுத்து ஃபில்டருக்குக் கொடுக்கும். உள்ளே டயஃப்ரம் என்ற ஒரு ரப்பர் சவ்வு. அது கிழிந்தால் ஒரு பக்கம் டீசல், மறு பக்கம் நேராக எண்ணெய்த் தொட்டி. பத்துக்கு எட்டு தடவை இதுதான். அது இல்லையென்றால் இன்ஜெக்‌ஷன் பம்பின் தண்டில் உள்ள சீல், அதைக் கழற்றி டீசல் பம்ப் கடையில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் செய்தித்தாளில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். நடுவில் கறுப்புப் பொட்டும், அதைச் சுற்றி வெளிறிய அகலமான வளையமும் பரவினால் டீசல் இருப்பது உறுதி. அப்புறம் லிஃப்ட் பம்பைக் கழற்றுங்கள், இரண்டே நட். எஞ்சின் பக்கத் துளையில் டீசல் ஈரம் இருக்கிறதா பாருங்கள். டீசல் நிரப்பிய ஒரு டியூபை அதன் இன்லெட்டில் மாட்டி உயரமாகப் பிடித்தால் கிழிசல் இருந்தால் சொட்டிவிடும். புதிய பம்ப் வாங்கும்போது பழையதைக் கையில் வைத்துக்கொண்டு நெம்புகோலின் நீளத்தை ஒப்பிடுங்கள். பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருந்து நீளம் மட்டும் மாறியது விற்கிறார்கள். எண்ணெயும் ஃபில்டரும் கட்டாயம் மாற்ற வேண்டும்.

இன்னொன்று. இந்த எஞ்சினுக்குப் பின்பக்கம் கிராங்க் தண்டில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டிய திருகுவரிதான் எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும். அதனால் பின்னால் கொஞ்சம் கசியும். அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கீழே ஒரு தட்டு வையுங்கள், அந்த எண்ணெய் பில்ஜ் பம்ப் (படகின் அடிக்குழித் தண்ணீரை வெளியேற்றுவது) வழியே கால்வாய்க்குள் மட்டும் போகக் கூடாது.

கணக்குப்பிள்ளை (லெஸ்டர்)

எண்ணெய் குறைந்தால்தான் பிரச்சினை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என்னுடைய கார் புதியது, டிப்ஸ்டிக்கே இல்லை. அப்பா சொன்ன வரியை மனைவிக்கும் படித்துக் காட்டினேன். பம்ப் விஷயம் என்ன ஆனது என்று கண்டிப்பாக எழுதுங்கள்.

பச்சை மைனர் (பான்பரி)

எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், சனி ஞாயிறு இரண்டும் படகின் எஞ்சின் குழிக்குள்தான் இருந்தேன்.

கோவை அண்ணா, நீங்கள் சொன்னதேதான். செய்தித்தாளில் வளையம் உள்ளங்கை அளவுக்குப் பரவியது. லிஃப்ட் பம்பைக் கழற்றினால் கீழ்த்துளை ஈரம். டியூப் மாட்டி உயர்த்தியதும் சொட்டுச் சொட்டாக விழுந்தது. டயஃப்ரத்தைப் பிரித்துப் பார்த்தேன், நடு வட்டுத் தகட்டின் ஓரத்தோடு அரை அங்குலம் நீளத்துக்கு வெடிப்பு. விரலில் வளைத்தால்தான் கண்ணுக்கே தெரிகிறது.

படகில் ஒயில் வடிப்பது கார் மாதிரி இல்லை. கீழே படுக்க இடமில்லை, எஞ்சினில் பொருத்தியிருக்கும் பித்தளைக் கைப்பம்பால் இழுத்து எடுக்க வேண்டும். எஞ்சினைச் சூடாக்கி எடுப்பது வழக்கம். ஆனால் இதை ஓட்டக் கூடாது என்பதால் குளிரிலேயே இழுத்தேன். அது தண்ணியாய் இருந்தபடியால் சுலபமாக வந்துவிட்டது. கழிவு ஒயிலைப் பழைய கலனிலேயே ஊற்றி மரினாவின் கழிவுத் தொட்டியில் சேர்த்தேன். புது ஒயில், புது ஃபில்ரர், புது பம்ப். பிறகு காற்று வெளியேற்றுவது. லிஃப்ட் பம்பின் சின்ன நெம்புகோலைப் பெருவிரலால் அமத்தி அமத்தி, ஃபில்ரரின் திருகாணியைத் தளர்த்தினால் முதலில் நுரை வந்தது, பிறகு குமிழி, பிறகு சுத்தமான டீசல். இன்ஜெக்‌ஷன் பம்பிலும் அதே மாதிரி. கடைசியாக இன்ஜெக்ரர் குழாய் நட்டுகள் இரண்டைத் தளர்த்தி ஸ்ரார்ட்டரைச் சுழற்றினேன். நான்காவது தடவை ஒரு சிலிண்டர் பிடித்தது, அடுத்தது இரண்டு, பிறகு நாலும். மகள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் முதலில் கை தட்டினாள்.

ஒரு மணி நேரம் கட்டியபடியே ஓடவிட்டு, நிறுத்தி, அரை மணி கழித்து டிப்ஸ்டிக் பார்த்தேன். கோட்டில் நிற்கிறது. அடுத்த நாளும் அதே கோடு.

வடசென்னை வாசகன்

மனம் நிறைந்தது அண்ணா. கடைசியாக ஒன்று. குளிர்காலத்தில் இரண்டையும் என்ன செய்வீர்கள்? பனியில் உறைந்துவிடாதா?

பச்சை மைனர் (பான்பரி)

உறையும் தம்பி. படகில் பயப்பட வேண்டியது குடிதண்ணீர்க் குழாய்கள்தான். நொவெம்பரில் பம்பை நிறுத்தி, குழாய் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, சுடுநீர்த் தாங்கியையும் வடித்துவிடுவேன். எஞ்சினுக்கு அன்ரிஃபிறீஸ் போதும். இந்தப் படகின் எஞ்சின் கால்வாய்த் தண்ணீரை உள்ளே எடுப்பதில்லை. படகின் சுவரோடு ஒட்டி ஒரு தட்டைத் தாங்கி இருக்கிறது, எஞ்சின் தண்ணீர் அதற்குள் சுற்றிவரும், வெளியே இருக்கும் கால்வாய் அதைக் குளிர்விக்கும். டீசல் தாங்கியை முட்ட நிரப்பிவைக்க வேண்டும், வெற்றிடம் இருந்தால் ஈரம் படிந்து டீசலில் பூஞ்சை பிடிக்கும்.

காரில் கவலை வேறு. 2021 செப்ரெம்பரிலிருந்து இங்கே சாதாரண பெற்றோல் ஈ10, பத்து வீதம் வரை எதனோல். பழைய றப்பர் குழாயை அது மென்மையாக்கி வெடிக்கவைக்கும், ஈரத்தையும் இழுக்கும். அதனால் ஈ5 மட்டும்தான் அடிக்கிறேன். குழாய்களையும் எதனோல் தாங்குவதாக மாற்றிவிட்டேன். உப்புத் தூவின றோட்டில் எடுப்பதில்லை. மழை உப்பைக் கழுவிவிட்ட பிறகு, ஒரு காய்ந்த நாள் பார்த்துப் பதினைந்து மைல் ஓட்டுவேன். ஐந்து நிமிடம் வாசலில் ஸ்ரார்ட் எடுத்து நிறுத்துவதை விட ஒன்றும் செய்யாமல் விடுவது நல்லது. சைலன்சருக்குள் தண்ணீர் தங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

ஈரக்கயிறு (கிளேடன் நோக்கி)

அடுப்பு பற்ற வைப்பீர்கள் என்றால் சிம்னியைத் தட்டிப் பாருங்கள், கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பட்டனையும் வாரம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இந்த ஒன்றை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

கிளாண்டு எப்படி இருக்கிறது?

பச்சை மைனர் (பான்பரி)

அலாரம் இரண்டு வைத்திருக்கிறேன் அக்கா, ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில்.

கிளாண்ட் நேற்றுப் பார்த்தேன். பில்ஜைத் துடைத்துக் காயவைத்து, அடியில் செய்தித்தாள் விரித்து, அரை மணி முன்கியரில் கட்டியபடி ஓடவிட்டேன். நிமிடத்துக்கு மூன்று சொட்டு. கை வைத்தேன், இளஞ்சூடு, சுடவில்லை. கிளாண்டை இறுக்கும் இரண்டு நட்டையும் தொடவில்லை. நிறுத்திவிட்டுக் கைப்பிடியை ஒரு சுற்றுத் திருகினேன், சொட்டு நின்றது. காலையில் செய்தித்தாள் காய்ந்திருந்தது.

வீட்டில் முடிவாகிவிட்டது. மகள் எஞ்சின் பக்கத்தைக் கற்றுக்கொள்ள விரும்புகிறாள். காரின் ட்ரனியனும் படகின் கிறீஸ் குழலும் இனி அவள் பொறுப்பு. கொப்பியில் திகதி போட்டு எழுதத் தொடங்கிவிட்டாள். மனைவி விற்கிற கதையைப் பிறகு எடுக்கவில்லை. படகின் யன்னல் இரண்டு ஒழுகுகிறது, முதலில் அதைப் பாருங்கோ என்றார்.

உயிர்த்த ஞாயிறு விடுமுறைக்கு நாங்கள் குறொப்ரெடியில் இருந்து கிளேடனின் ஐந்து லொக்கும் ஏறி மேலே வரப் பார்க்கிறோம். காரை முதல் நாளே கிளேடனில் விட்டுவிட்டு, மடிக்கும் சைக்கிளில் கரையோரமாகத் திரும்பி வந்து படகை எடுப்பேன். நீங்கள் அந்தப் பக்கம்தான் நிற்பீர்கள் போலிருக்கிறது அக்கா. பச்சை மைனர் பாலத்துக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டால் அன்று பின்னேரம் நாங்கள் வந்துவிடுவோம். கோவை அண்ணாவும் வரலாம், எஞ்சின் மூடி திறந்திருக்கும்.

கோவை லேத் (பர்மிங்ஹாம்)

வருகிறேன் சார். வால்வு இடைவெளி அளக்கும் டேப்பெட் கேஜ் கொண்டுவருகிறேன், கார் என்ஜினுக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மைனருக்கு 12 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் பன்னிரண்டு பங்கு), குளிர்ந்த எஞ்சினில். முதல் நாள் இரவே நிறுத்தி வையுங்கள்.